விழப்போகிற பல்தானே?

கிளாஸ்கோ நகரைச் சேர்ந்த கேத்தரின் மக்கால் என்ற மூதாட்டிக்குச் சொந்தப் பல் ஒன்றுகூடக் கிடையாது. ஆனால் பல்லை முன்வைத்து அவர் தொடுத்த வழக்கு, ஸ்காட்லாந்தின் சட்ட வரலாற்றில் மிக நீண்ட வழக்கு என்று பெயர் வாங்கியது. 201 நாட்கள் விசாரணை. மருத்துவர்கள், வேதியியல் அறிஞர்கள், புள்ளியியல் நிபுணர்கள் என்று சாட்சிகள் வரிசைகட்டி வந்தார்கள். பிள்ளைகளின் சொத்தைப் பல்லைத் தடுக்கக் குடிநீரில் ஃபுளோரைடு கலக்க ஸ்ட்ராத்கிளைடு வட்டார கவுன்சில் முடிவெடுத்திருந்தது. 'என் குழாயில் வரும் தண்ணீரில் மருந்து கலக்க உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது?' என்பதுதான் பாட்டியின் வழக்கு.

1983 ஜூனில் நீதிபதி ஜான்சி தீர்ப்பளித்தார். ஃபுளோரைடு பல்லைக் காக்கும் என்பதை அவர் ஏற்றார். அதனால் புற்றுநோய் வரும் என்ற வாதத்தைத் தள்ளினார். ஆனாலும் ஜெயித்தது பாட்டிதான். சுத்தமான தண்ணீர் தருவதுதான் கவுன்சிலின் வேலை, பல்லைப் பாதுகாக்க அதில் ஒன்றைச் சேர்ப்பதற்குச் சட்டத்தில் இடமில்லை என்றது தீர்ப்பு. அறிவியல் வென்று, அதிகாரம் தோற்ற விசித்திரமான வழக்கு அது.

இருபது ஆண்டுகள் ஓடின. 2003-ல் ஸ்காட்லாந்து அரசு ஐந்து வயதுப் பிள்ளைகளின் வாயைத் திறந்து பார்த்துக் கணக்கெடுத்தபோது, கண்ணுக்குத் தெரியும் சொத்தை இல்லாதவர்கள் 45 சதவீதம்தான். பள்ளிக்கூட வாசலை மிதிக்கும்போதே பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குப் பல் கெட்டிருந்தது. தண்ணீரில் ஃபுளோரைடு கலக்கும் பேச்சு அதற்குச் சற்று முன்பே மறுபடியும் எழுந்திருந்தது. 2002-ல் மக்களிடம் கருத்துக் கேட்டார்கள். எதிர்ப்பு பலமாக இருந்தது. சட்டத்தில் கை வைப்பதில்லை என்று அரசு ஒதுங்கிக்கொண்டது.

குழாய்வழிப் பாதை இரண்டாவது முறையாக அடைபட்டது. அதற்குப் பிறகு அந்த நாடு பிடித்த வழியில் புதிய மருந்து எதுவும் இல்லை, பெரிய இயந்திரம் எதுவும் இல்லை. ஒரு பிரஷ், கொஞ்சம் பேஸ்ட், தினமும் வருகிற ஒரு டீச்சர். அவ்வளவுதான்.

பாட்டில் பாலும் நாலு முன்பல்லும்

அந்த வழி ஏன் பலித்தது என்று புரிய, முதலில் பால் பல் எப்படிக் கெடுகிறது என்று பார்க்க வேண்டும்.

ஆறு மாதத்தை ஒட்டிக் கீழ் ஈறில் முதல் பல் எட்டிப் பார்க்கிறது. இரண்டரை, மூன்று வயதுக்குள் இருபது பற்களும் வந்துவிடும். பால் பல்லின் எனாமல், பெரியவர்களின் பல்லில் இருப்பதில் ஏறத்தாழ பாதித் தடிமன்தான். வாயில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் சர்க்கரையைத் தின்று அமிலத்தைக் கக்குகின்றன. பல்லின் மேற்பரப்பில் அமிலத்தன்மை ஓர் எல்லையைத் தாண்டியதும், அதாவது பி.எச். அளவு 5.5-க்குக் கீழே இறங்கியதும், எனாமலில் இருக்கும் கால்சியமும் பாஸ்பேட்டும் கரையத் தொடங்கும். உமிழ்நீர் அதைச் சரிசெய்ய வரும். அமிலத்தைக் கழுவிவிட்டு, கரைந்த தாதுக்களைத் திரும்பக் கொண்டுவந்து ஒட்டும். அதற்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை பிடிக்கும்.

ஆக, ஒரு நாளில் எவ்வளவு இனிப்பு என்பதைவிட எத்தனை தடவை என்பதுதான் பல்லைத் தீர்மானிக்கிறது. ஒரு லட்டை ஒரே மூச்சில் தின்று முடித்த பிள்ளையின் பல்லுக்கு ஒரு தாக்குதல். ஒரு மிட்டாயைக் காலை முழுக்கச் சப்பிச் சப்பி வைத்திருக்கும் பிள்ளையின் பல்லுக்கு, உமிழ்நீர் வந்து சேர்வதற்குள் அடுத்தடுத்துத் தாக்குதல்.

இதில் மோசமானது இரவு பாட்டில். சர்க்கரை போட்ட பாலையோ, கரைத்த ஜூஸையோ வாயில் வைத்தபடி குழந்தை தூங்கிவிடுகிறது. தூக்கத்தில் உமிழ்நீர் சுரப்பது வெகுவாகக் குறைந்துவிடும். இனிப்புத் திரவம் மேல் முன்பற்கள் நான்கையும் சுற்றிக் குளமாகத் தேங்கி நிற்கும். கீழ் முன்பற்களை நாக்கு மூடிக்கொள்வதாலும், உமிழ்நீர்ச் சுரப்பி பக்கத்திலேயே இருப்பதாலும் அவை தப்பிக்கின்றன. மேலே நாலு பல் கறுத்து அரித்துப் போயிருக்க, கீழே நாலு பல் முத்து மாதிரி பளிச்சென்று இருக்கும் குழந்தையைப் பார்த்தால், இரவுக் கதையைப் பல் மருத்துவர் கேட்காமலே சொல்லிவிடுவார்.

அந்தக் கறுப்புக்கு முன்னால் ஒரு வெள்ளை உண்டு. ஈறை ஒட்டிப் பல்லின் மேல் சுண்ணாம்பு தடவியதுபோல மங்கலான ஒரு கோடு. எனாமல் கரையத் தொடங்கிவிட்டதற்கான முதல் அடையாளம் அது. அந்தக் கட்டத்தில் பிடித்துவிட்டால் டிரில்லும் வேண்டாம், ஊசியும் வேண்டாம். ஃபுளோரைடு கிடைத்தால், கரைந்த இடத்தில் தாதுக்கள் மறுபடி படிந்து, பழையதைவிட அமிலத்துக்கு அசையாத எனாமலாக இறுகும். கோடு வெள்ளையாக இருக்கும்வரைதான் இந்தச் சலுகை. பழுப்பாகிக் குழி விழுந்துவிட்டால் அந்தப் பல் தானாகத் திரும்பி வராது.

உலக சுகாதார நிறுவனம் 2022-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகம் முழுக்க 51.4 கோடிப் பிள்ளைகளுக்குப் பால் பல்லில் சொத்தை இருக்கிறது. 'விழப்போகிற பல்தானே?' என்ற வாக்கியம் எல்லா மொழிகளிலும் ஏதோ ஒரு வடிவில் சொல்லப்படுகிறது போலும். முன்பல் ஆறு, ஏழு வயதில் விழுந்துவிடும் என்பது சரி. ஆனால் பால் கடைவாய்ப் பற்கள் பத்து, பதினோரு வயது வரை இருந்தாக வேண்டும். அதுவரை மென்று தின்ன அவைதான் உண்டு, பின்னால் வரும் பல்லுக்கு இடம் பிடித்து வைப்பதும் அவைதான். சீழ் பிடித்தால் வலியில் தூக்கம் போகும், சாப்பாடு இறங்காது, பள்ளிக்கூடத்தில் கவனம் நிற்காது. இங்கிலாந்தில் ஐந்திலிருந்து ஒன்பது வயதுக்குள் இருக்கும் பிள்ளைகள் மருத்துவமனையில் அனுமதிக்கப்படுவதற்கு முதல் காரணமாகப் பல ஆண்டுகளாக நீடிப்பது சொத்தைப் பல்தான். ஆஸ்துமாவோ, எலும்பு முறிவோ அதற்கு அடுத்துத்தான். முழு மயக்கம் கொடுத்து, ஒரே அமர்வில் பல பற்களைப் பிடுங்கி அனுப்புகிறார்கள்.

அறிவுரைக்குப் பஞ்சமில்லை

பணக்காரப் பிள்ளையின் பல்லும் ஏழைப் பிள்ளையின் பல்லும் முளைக்கும்போது ஒன்றுதான். ஆனால் ஐந்து வயதில் இரண்டும் வேறுவேறாகிவிடுகின்றன. இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம், 'அந்த அம்மாக்களுக்கு விழிப்புணர்வு இல்லை' என்பது. சுவரொட்டி ஒட்டினார்கள், துண்டறிக்கை கொடுத்தார்கள், முகாம் போட்டார்கள். படிக்க நேரமும் வசதியும் இருந்தவர்கள் அவற்றைப் படித்து, ஏற்கெனவே நன்றாக இருந்த தங்கள் பிள்ளைகளின் பல்லை இன்னும் நன்றாக வைத்துக்கொண்டார்கள். இடைவெளி அப்படியே நின்றது.

ஒரே அறையில் ஐந்து பேர் படுக்கும் வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அதிகாலை ஷிப்ட்டுக்கு எழ வேண்டிய அப்பா. பக்கத்துச் சுவரைத் தட்டும் அண்டை வீட்டார். நள்ளிரவில் குழந்தை அழுதால், வாயில் வைத்த உடனே அடங்கச் செய்யும் ஒரு பாட்டில். அந்த அம்மாவுக்கு அது கெடுதல் என்று தெரியாமல் இல்லை. இந்த ராத்திரியைக் கடக்க வேறு வழி கையில் இல்லை, அவ்வளவுதான். வேலைக்குப் போகும் அம்மா பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுப் போகிறாள். அழுகிற பேரனுக்குப் பாட்டியிடம் இருக்கும் ஒரே செல்லம் முந்தானை முடிச்சில் இருக்கும் சில்லறையும் தெருமுனைக் கடை மிட்டாயும்தான். பழம் விலை ஏறும் வேகத்தில் பிஸ்கட் விலை ஏறுவதில்லை. அடிக்கடி சளி பிடிக்கும் குழந்தைக்குக் கொடுக்கும் சிரப்பிலும் சர்க்கரை இருக்கிறது. பல் மருத்துவரிடம் போக ஒரு நாள் கூலியை விட வேண்டும்.

இந்த வீட்டுக்கு இன்னும் ஒரு துண்டறிக்கையை அனுப்பி என்ன ஆகப்போகிறது என்ற கேள்விதான் ஸ்காட்லாந்தில் திருப்புமுனை. 1990-களின் பிற்பகுதியில் டண்டீ நகரை உள்ளடக்கிய டேசைடு பகுதியில், ஏழ்மை மிகுந்த வட்டாரப் பள்ளிகளில் ஒரு சோதனை நடந்தது. ஒரு பிரிவுப் பிள்ளைகள் பள்ளியிலேயே, பெரியவர் ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்க, ஃபுளோரைடு பேஸ்ட்டால் தினமும் பல் துலக்கினார்கள். இன்னொரு பிரிவு வழக்கம்போல இருந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, துலக்கிய பிள்ளைகளின் புதுக் கடைவாய்ப் பற்களில் சொத்தை கணிசமாகக் குறைந்திருந்தது. சொல்லிக் கொடுப்பதற்கும் செய்ய வைப்பதற்கும் உள்ள தூரத்தைக் காட்டிய சோதனை அது.

2005-ல் அரசு வாய்நலத்துக்கென்று ஒரு செயல்திட்டத்தை அறிவித்தது. அதிலிருந்து 2006-ல் பிறந்தது 'சைல்ட்ஸ்மைல்'.

படம் ஒட்டிய பிரஷ்

சைல்ட்ஸ்மைல் நர்சரியில் துலக்கும் நேரம் என்பது மணி அடித்து நடத்தும் பெரிய சடங்கல்ல. சிற்றுண்டி முடிந்தோ, விளையாட்டுக்கு நடுவிலோ, ஐந்தாறு பிள்ளைகளாக வந்து உட்காருகிறார்கள். சுவரோரம் காற்றோட்டமான ஒரு தாங்கியில் பிரஷ்கள் ஒன்றையொன்று தொடாமல் நிமிர்ந்து நிற்கின்றன. எழுத்துக் கூட்டத் தெரியாத வயது என்பதால் ஒவ்வொரு பிரஷுக்கும் ஒரு படம். மீன் ஒருத்தியுடையது, பேருந்து ஒருவனுடையது. தன் படத்தைத் தேடி எடுப்பதே பிள்ளைகளுக்குப் பாதி விளையாட்டு.

பேஸ்ட்டை டீச்சர் நேராக பிரஷில் பிதுக்குவதில்லை. ஒரு தட்டிலோ தாளிலோ தனித்தனிப் பொட்டாக வைக்கிறார். ஒரு பிரஷின் கிருமி ட்யூப் வழியாக இன்னொரு பிரஷுக்குப் போய்விடக்கூடாது. மூன்று வயதுக்குக் கீழே என்றால் தடவினால் தெரிகிற அளவு, மூன்றுக்கு மேலே என்றால் ஒரு பட்டாணி அளவு. பேஸ்ட்டில் குறைந்தது 1,000 பி.பி.எம். ஃபுளோரைடு இருக்க வேண்டும். பிள்ளைகள் துலக்குகிறார்கள். நுரையைத் துப்புகிறார்கள். அதோடு முடிந்தது. வாய் கொப்பளிக்கக் கூடாது.

நம் ஊரில் பல் துலக்கியதும் சொம்புத் தண்ணீரை ஊற்றி ஏழெட்டு முறை கொப்பளித்துத் துப்பினால்தான் துலக்கிய திருப்தி. ஆனால் பேஸ்ட்டில் வேலை செய்கிற பொருள் அந்தக் கொப்பளிப்பில்தான் சாக்கடைக்குப் போகிறது. துப்பிவிட்டு அப்படியே விட்டால், பல்லின் மேல் மெலிதாகத் தங்கும் ஃபுளோரைடு, உமிழ்நீரோடு சேர்ந்து வெள்ளைக் கோட்டை மேவிக்கொண்டே இருக்கும்.

நர்சரிக்கு வெளியேயும் திட்டம் நீள்கிறது. குழந்தை ஐந்து வயதை எட்டுவதற்குள் குறைந்தது ஆறு முறை பிரஷும் பேஸ்ட்டும் அடங்கிய பொட்டலம் வீட்டுக்கு இலவசமாகப் போகிறது. முதல் வயதுக்குள் ஒரு கோப்பையும் தருகிறார்கள். உறிஞ்சத் தேவையில்லாமல், சாய்த்தால் தானாக வழியும் கோப்பை. பாட்டிலிலிருந்து பிள்ளையை மாற்ற, 'பாட்டிலை விடுங்கள்' என்று சொல்வதோடு நிற்காமல், அதற்குப் பதிலாகக் கையில் எதைக் கொடுப்பது என்பதையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். ஏழ்மையான வட்டாரங்களில் தொடக்கப்பள்ளியின் முதல் இரண்டு வகுப்புகளிலும் துலக்குதல் தொடர்கிறது. தேவைப்படும் வீடுகளுக்கு வாய்நல ஆதரவுப் பணியாளர்கள் நேரில் போகிறார்கள். அவர்கள் பல் மருத்துவர்கள் அல்லர். எந்த கிளினிக்கில் இடம் இருக்கிறது, எப்படிப் பதிவது, போகும்போது என்ன எடுத்துப்போக வேண்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்பவர்கள்.

18 லட்சம் பவுண்டு கணக்கு

கிளாஸ்கோ பல்கலைக்கழகப் பேராசிரியர் லோர்னா மக்பெர்சனும் அவருடைய குழுவினரும் 1987 முதல் 2009 வரை பரிசோதிக்கப்பட்ட சுமார் 99 ஆயிரம் ஐந்து வயதுப் பிள்ளைகளின் பதிவுகளை எடுத்து ஆராய்ந்தார்கள். சைல்ட்ஸ்மைல் என்ற பெயர் வருவதற்கு முன்பே சில இடங்களில் நடந்துவந்த நர்சரித் துலக்குதல் தொடங்குவதற்கு முன் ஒரு பிள்ளைக்குச் சராசரியாக 3.06 பால் பற்கள் சொத்தையாகவோ, அடைக்கப்பட்டோ, பிடுங்கப்பட்டோ இருந்தன. தொடங்கிப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் அது 2.07 ஆனது.

2003-ல் 45 ஆக இருந்த சதவீதம் படிப்படியாக ஏறி 2018-ல் 71-ஐத் தொட்டது. பத்தில் ஏழு பிள்ளைகள் கண்ணுக்குத் தெரிகிற சொத்தை இல்லாமல் பள்ளிக்கு வந்தார்கள்.

அரசாங்கக் கருவூலம் நம்புவது பிள்ளைச் சிரிப்பை அல்ல, வரவு செலவை. நர்சரித் துலக்கலுக்கு ஸ்காட்லாந்து முழுக்க ஆண்டுக்குச் சுமார் 18 லட்சம் பவுண்டு செலவானது. பல் அடைப்பு, பிடுங்கல், மயக்க மருந்து என்று ஐந்து வயதுப் பிள்ளைகளின் சிகிச்சைக்கு ஆகிவந்த செலவு 2001-க்கும் 2010-க்கும் இடையில் பாதிக்கும் கீழே இறங்கியது. எட்டாம் ஆண்டில் மிச்சமான தொகை, திட்டத்துக்குப் போட்டதைப்போல இரண்டரை மடங்குக்கும் அதிகம். அதிகம் மிச்சமானது ஏழ்மை மிகுந்த வட்டாரப் பிள்ளைகளின் கணக்கில்தான்.

இந்த வெற்றிக்கு நடுவே ஒரு தோல்வியையும் அவர்கள் மறைக்கவில்லை. நர்சரியில் பல்லின் மேல் ஃபுளோரைடு வார்னிஷ் பூசுவதும் திட்டத்தின் ஒரு பகுதியாக இருந்தது. தூரிகையால் தடவினால் சில நொடிகளில் முடிந்துவிடும். கேட்கவே கவர்ச்சியான வைத்தியம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட மூன்று வயதுப் பிள்ளைகளை இரண்டு பிரிவாகப் பிரித்துச் சோதித்தார்கள். இரு பிரிவுக்கும் துலக்குதல் உண்டு, ஒரு பிரிவுக்கு மட்டும் ஆண்டுக்கு இருமுறை வார்னிஷ். முடிவில், வார்னிஷ் பூசிய பிரிவில் சொத்தை கூடியவர்கள் சற்றுக் குறைவுதான் என்றாலும், அது தற்செயல் அல்ல என்று உறுதியாகச் சொல்லுமளவுக்கு வித்தியாசம் இல்லை. சுமார் 50 ஆயிரம் பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்த இன்னொரு ஆய்விலும், மூன்று ஆண்டுகளுக்கு மேல் நர்சரியில் துலக்கியதுதான் சொத்தைக் குறைவோடு மிக நெருங்கிய தொடர்பு கொண்டிருந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வெள்ளைக் கோட்டு அணிந்து வருபவரைவிட, தினமும் பட்டாணி அளவு பேஸ்ட் வைக்கிற நர்சரி டீச்சரின் பங்கு பெரிதாக இருந்திருக்கிறது.

வேல்ஸ் இதே வழியில் 'டிசைன்ட் டு ஸ்மைல்' என்ற திட்டத்தை நடத்துகிறது. தயங்கி நின்ற இங்கிலாந்து 2025-ல்தான் இறங்கியது. ஏழ்மையான பகுதிகளின் மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகள் ஆறு லட்சம் பேர் வரை பயன்பெற 1.1 கோடி பவுண்டு ஒதுக்கியது.

எட்டாத பிள்ளைகள்

71 சதவீதம் என்ற எண்ணைப் பிரித்துப் பார்த்தால் இன்னொரு படம் கிடைக்கும். அதே 2018 கணக்கெடுப்பில், வசதியான வட்டாரங்களில் சொத்தை இல்லாத பிள்ளைகள் 86 சதவீதம். ஏழ்மையான வட்டாரங்களில் 56 சதவீதம். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் நாட்டின் சராசரியே 45 என்பதால், அடித்தட்டுப் பிள்ளைகள் அன்றைய சராசரியைத் தாண்டி வந்துவிட்டார்கள் என்பது உண்மை. மேலே இருந்தவர்கள் இன்னும் மேலே போய்விட்டார்கள் என்பதும் உண்மை. நடுவில் முப்பது சதவீதப் புள்ளி இடைவெளி.

காரணம் தேடி அதிக தூரம் போக வேண்டாம். நர்சரி மூன்று வயதில்தான் பெரும்பாலான பிள்ளைகளைச் சந்திக்கிறது. மேல் முன்பல்லில் வெள்ளைக் கோடு ஒரு வயதிலேயே விழத் தொடங்கிவிடும். நர்சரி நடப்பது வார நாட்களில், பகலில். பாட்டில் வாய்க்குப் போவது எல்லா இரவிலும். அடிக்கடி வீடு மாறும் குடும்பம், உடம்பு முடியாத அம்மா, பஸ்ஸுக்குக் காசில்லாத நாள் என்று ஏதோ ஒன்றில் பிள்ளை அன்றைக்கு வராமல் போகும். எல்லோரும் துலக்கி முடித்து, நனைந்த பிரஷ்கள் தாங்கியில் சொட்டிக்கொண்டிருக்கும்போது, வராத பிள்ளையின் மீன் படம் போட்ட பிரஷ் மட்டும் காய்ந்தபடி நிற்கும்.

தருமபுரித் தண்ணீரும் அங்கன்வாடித் திண்ணையும்

ஸ்காட்லாந்து குடிநீரில் ஃபுளோரைடு சேர்க்க முடியாமல் தவித்தது. தமிழ்நாட்டில் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பிரச்சினை தலைகீழ். அங்கே பல ஊர்களில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரிலேயே ஃபுளோரைடு அளவுக்கு மீறி இருக்கிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. அதற்கு மேலான தண்ணீரைச் சிறு வயதிலிருந்து குடித்து வளர்ந்தவர்களின் பல்லில் பழுப்புக் கறை படியும். முற்றினால் எலும்பையும் பாதிக்கும். அந்த மக்களுக்குக் காவிரித் தண்ணீரைக் கொண்டுபோகத்தான் ஜப்பானின் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் போடப்பட்டு 2013-ல் செயல்பாட்டுக்கு வந்தது. அதன் முழுப் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் எனப்படும் இந்தப் பாதிப்பின் குறைப்பும் இருக்கிறது.

ஆக, எல்லா ஊருக்கும் ஒரே மருந்து என்று இங்கே எழுதிவிட முடியாது. தண்ணீரில் ஃபுளோரைடு ஏற்கெனவே அதிகமிருக்கும் ஊரில் பேஸ்ட்டின் அளவையும், பிள்ளை அதை விழுங்காமல் துப்புகிறதா என்பதையும் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். ஆனால் மாநிலத்தின் பெரும்பகுதியில் சிக்கல் அதுவல்ல. இந்தியப் பல் மருத்துவக் கவுன்சில் 2002-03-ல் நடத்திய தேசிய ஆய்வில், நாட்டின் ஐந்து வயதுப் பிள்ளைகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்குச் சொத்தை இருந்தது. 2003-ன் ஸ்காட்லாந்துக்கு வெகு அருகில் இருக்கும் எண் இது.

இந்தியச் சட்டப்படி டூத் பேஸ்ட்டில் ஃபுளோரைடு 1,000 பி.பி.எம்.மைத் தாண்டக்கூடாது. எவ்வளவு இருக்கிறது என்பதை ட்யூபிலும் அட்டையிலும் அச்சிட்டாக வேண்டும். பொடி எழுத்தில் இருக்கும் அந்த வரியைப் படித்து வாங்குபவர்கள் சொற்பம். கார்ட்டூன் படம் போட்டு, குழந்தைகளுக்கென்று விற்கப்படும் பேஸ்ட்டுகளில் சிலவற்றில் ஃபுளோரைடே கிடையாது. ஸ்ட்ராபெரி வாசனைக்குக் கூடுதல் காசு கொடுத்துவிட்டு, வேலை செய்யும் பொருள் இல்லாத ட்யூபோடு வீட்டுக்கு வருகிற பெற்றோர் உண்டு. வீட்டில் எல்லோரும் துலக்கும் சாதாரண ஃபுளோரைடு பேஸ்ட்டே, அளவு குறைத்தால், பிள்ளைக்கும் போதும்.

ஸ்காட்லாந்து புதிதாகக் கட்டமைத்ததில் பாதி இங்கே ஏற்கெனவே இருக்கிறது. தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் உள்ளன. இரண்டு வயதுப் பிள்ளையைத் தினமும் ஓர் இடத்துக்கு வரவைத்து, கை கழுவ வைத்து, வரிசையாக உட்காரவைத்துச் சோறு போடுவதுதான் கடினமான பாதி வேலை. அதை அங்கன்வாடி டீச்சரும் உதவியாளரும் ஆண்டுக்கணக்கில் செய்துவருகிறார்கள். 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், ஒன்றிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளைக் காலையிலேயே பள்ளிக் குழாயடிக்கு அழைத்து வருகிறது. பால் பல் விழுந்து நிரந்தரப் பல் முளைக்கும் வயது அதுதான்.

எடை பார்ப்பது, பதிவேடு எழுதுவது, செல்போன் செயலியில் ஏற்றுவது, வீடு வீடாகப் போவது என்று அங்கன்வாடி டீச்சரின் தலையில் ஏற்கெனவே சுமை அதிகம். அதன்மேல் இன்னொரு வேலையை ஏற்றுவதென்றால் பிரஷ், பேஸ்ட், தாங்கி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவதற்கான பணம், உடன் நிற்க ஓர் ஆள் எல்லாம் சேர்ந்து வர வேண்டும். ஸ்காட்லாந்தின் 18 லட்சம் பவுண்டு இந்தச் செலவுகளுக்குத்தான் போனது.

உதட்டைத் தூக்கிப் பார்க்கும் அரை நிமிடம்

திட்டம் வரும்வரை வீட்டில் செய்யக்கூடியவை சில உண்டு. அவற்றில் எதற்கும் பெரிய காசு வேண்டாம்.

முதல் பல் தெரிந்த அன்றே துலக்கல் தொடங்கலாம். மூன்று வயது வரை ஒரு அரிசி மணி அளவு பேஸ்ட், அதன்பின் பட்டாணி அளவு. காலையில் தவறினாலும் ராத்திரி தவறக்கூடாது. துலக்கியபின் தண்ணீர் தவிர வேறெதுவும் வாய்க்குப் போகக்கூடாது. ஏழெட்டு வயது வரை பிரஷ் பெரியவர் கையில் இருக்க வேண்டும். தன் சட்டைப் பொத்தானைத் தானே போடத் தடுமாறும் பிள்ளையால் கடைவாய்ப் பல்லின் பின்பக்கத்தைத் துலக்க முடியாது.

இரவு பாட்டிலை ஒரே நாளில் பிடுங்கினால் வீடு ரெண்டுபடும். பாலில் போடும் சர்க்கரையை முதல் வாரம் பாதியாக்கி, அடுத்த வாரம் இன்னும் பாதியாக்கி, பிறகு வெறும் பாலாக்கி, கடைசியில் பாட்டிலில் தண்ணீர் மட்டும் என்று இறக்கினால் பிள்ளையும் பழகும், வீட்டாரும் தூங்கலாம். தாய்ப்பாலை நிறுத்த இதில் எந்தக் காரணமும் இல்லை. மிட்டாய் கொடுத்தே தீர வேண்டுமென்றால் சாப்பாட்டோடு ஒரேயடியாகக் கொடுத்துவிடுவது, மூன்று மணி நேரம் சப்ப விடுவதைவிட மேல்.

ஆறு வயதில் ஒரு விஷயம் பெரும்பாலான வீடுகளில் கவனிக்கப்படாமலே நடந்துவிடுகிறது. பால் பல் வரிசைக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே, முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல் முளைக்கிறது. எதுவும் விழாததால் அதையும் பால் பல் என்றே நினைத்துவிடுகிறோம். 'விழப்போகிற பல்தானே' என்று விட்டுவிடும் அந்தப் பல்தான் ஆயுள் முழுக்க இருக்க வேண்டியது. அதன் குழிகளில் சொத்தை விழுந்தால் மாற்றுப் பல் கிடையாது.

குழி விழுந்துவிட்ட பிள்ளைகளுக்கும் இப்போது எல்லாவற்றுக்கும் டிரில் தேவையில்லை. சில்வர் டயமின் ஃபுளோரைடு என்ற திரவத்தைச் சொத்தையின் மேல் தொட்டு வைத்தால் அரிப்பு பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். ஊசி இல்லை, மயக்கம் இல்லை. அந்த இடம் கறுப்பாகும் என்பதுதான் குறை. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் இதைச் சேர்த்தது. அதே பட்டியலில் அதே ஆண்டு இடம்பிடித்த இன்னொரு பொருள், ஃபுளோரைடு டூத் பேஸ்ட்.

மத்திய அரசின் ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்தய காரியக்ரம் 2013-ல் தொடங்கியபோது, பிள்ளைகளிடம் தேடிப் பார்க்க வேண்டிய 30 குறைபாடுகளின் பட்டியலில் பல் சொத்தையும் இருந்தது. அதன்படி மருத்துவக் குழு ஒவ்வொரு அங்கன்வாடிக்கும் ஆண்டுக்கு இரண்டு முறை வர வேண்டும். வந்தவர்கள் டார்ச் அடித்துப் பார்ப்பார்கள், குறிப்பார்கள், தேவையென்றால் மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். அடுத்த வருகைக்கு ஆறு மாதம் ஆகும். வெள்ளைக் கோடு பழுப்பாவதற்கு அதைவிடக் குறைந்த காலம் போதும்.

அதனால் மாதத்துக்கு ஒருமுறை, காலை வெளிச்சம் விழும் வாசற்படியில் பிள்ளையை மடியில் சாய்த்து, பெருவிரலால் மேல் உதட்டைத் தூக்கிப் பார்க்கச் சொல்கிறார்கள் பல் மருத்துவர்கள். அரை நிமிட வேலை. பிள்ளை சிணுங்கும், தலையைத் திருப்பும். ஈறை ஒட்டிச் சுண்ணாம்புத் தீற்றல் மாதிரி ஒரு கோடு தெரிகிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். தெரிந்தால் அன்றைக்கு ராத்திரியிலிருந்தே பாட்டிலில் சர்க்கரை குறைய வேண்டும்.